பேர் மட்டும் போட்ட வீடு

பொறாமைக்கு முத்திரை வரி கட்டணும்னு ஒரு சட்டம் இருந்தா நான் எப்பவோ திவாலாகியிருப்பேன். அடுத்தவங்க நகை, சேலை, கார் எதுவும் என் கண்ணை உறுத்தாது. வீடு மட்டும்தான். யாராவது புதுவீடு வாங்கிக் கூப்பிட்டா, மொய்க் கவரைக் கையில வெச்சுக்கிட்டே சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பேன், எங்கேயாவது பொள்ளலாச் சத்தம் வராதான்னு. வராது. வாயெல்லாம் பல்லா "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு, கேசரியைத் தின்னுட்டு, வயிறு எரிய வீட்டுக்கு வருவேன். வீடுன்னா வாடகை வீடு.

பினாங்குத் தீவுல, கெலுகோர்ல இருபது வருஷத்துக்கு மேல வாடகைக்குத்தான் இருந்தேன். பக்கத்துப் பல்கலைக்கழகத்துல ஆபீஸ் வேலை. அங்க வீட்டுக்காரங்களுக்கு மாணவர்களைத்தான் பிடிக்கும், ஒரு ரூமுக்கு நாலு பேரைப் போட்டு நாலு வாடகை வாங்கலாம். என்னை மாதிரி ஒத்தை ஆள் நஷ்டம். அதனால சில வருஷத்துக்கு ஒரு தடவை "மகனுக்குக் கல்யாணம் லா, வீடு வேணும்"னு ஏதாவது சொல்லிக் காலி பண்ணச் சொல்லுவாங்க. அந்த மகன்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. எனக்கும்தான் ஆகலை. அதனால நான் வீடு வாங்கப் போறேன்னு வாயைத் திறந்தா, "ஒத்தை ஆளுக்கு எதுக்கு வீடு?"ன்னு கேட்க ஒரு கூட்டமே இருந்துச்சு.

இக்கரைக்கு அக்கரை பச்சைம்பாங்க. பினாங்குல இருக்கிறவளுக்கு அதைப் பழமொழின்னு யாரும் சொல்லித்தர வேண்டாம், தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற பாலத்துல ஏறினா போதும். பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட்ல என் அண்ணன் வீடு. இரட்டை மாடி, முன்னால தானாத் திறக்கிற கேட்டு, பின்னால இழுத்துக் கட்டின பெரிய சமையல்கட்டு. என் கறிவேப்பிலைச் செடி காரிடார்ல ஒரு பெயிண்ட் வாளியில நின்னு மூணு இலை விடும். அண்ணி வீட்டுக் கறிவேப்பிலை மண்ணுல வேர்விட்டு மரமாகி நிக்குது. போற ஒவ்வொரு தடவையும் அண்ணி ஒரு கட்டு ஒடிச்சுக் கொடுப்பாங்க. நான் வாங்கிக்கிட்டு, நன்றி சொல்லிட்டு, பாலத்துல திரும்பி வர்றப்போ வாசம் கார் முழுக்க இருக்கும். அந்த வாசம்கூட எனக்கு எரிச்சலா இருக்கும்.

அண்ணி வயசுல என்னைவிடச் சின்னவங்க. ஆனாலும் முறைக்கு அண்ணிதான், அதனால நான் "அண்ணி"ம்பேன். அவங்க என் வயசைப் பார்த்து "அக்கா"ம்பாங்க. ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் பெரியவங்களா ஆக்கிக்கிட்டு, மனசுல இருக்கிற எதையும் பேசாம இத்தனை வருஷத்தை ஓட்டிட்டோம்.

கடைசியா ஒருவழியா துணிஞ்சேன். என்னைத் துணிய வெச்சது என் ஆபீஸ் தோழி. என்னைவிடப் பத்து வயசு சின்னவ, ஒரே கிரேடு, ஒரே சம்பளம். அவ கெலுகோர்லயே ஒரு அடுக்குமாடியில ஒன்பதாவது மாடியில வீடு பார்த்து முன்பணம் கட்டிட்டா. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை. மூணாவது நாள் அதே ஏஜெண்டுக்கு நானே போன் பண்ணேன். அதே பிளாக்குல, அதே அளவுல, ஏழாவது மாடியில ஒரு சீன அம்மா விக்கிறாங்கன்னான். ரெண்டு மாடி கீழே. பரவாயில்லன்னு நினைச்சேன். பரவாயில்லன்னு நினைக்கிறப்பவே பரவாயிருந்துச்சு, அது வேற விஷயம்.

வீட்டோட விலைன்னா அதுதான் விலைன்னு நினைச்ச ஆளு நான். பத்துல ஒரு பங்கு கையில இருந்தா போதும், மிச்சத்தை பேங்க் கொடுக்கும், சாவியை வாங்கிக்கிட்டுப் பாலைக் காய்ச்ச வேண்டியதுதான். முன்பணத்தைக் கட்டிட்டு, ஜார்ஜ் டவுன்ல ஒரு பழைய கடைவீட்டு மாடியில இருக்கிற வக்கீல் ஆபீசுக்குப் போனேன். தோழியும் கூட வந்தா, அவளுக்கும் அதே வக்கீல்தான். வக்கீலை நாங்க பார்க்கவே இல்ல. எல்லாத்தையும் பார்த்தது அங்க இருந்த கிளார்க் பொண்ணு.

அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல எனக்குக் காது அடைச்சது. வீடு வாங்குற ஒப்பந்தத்துக்கு வக்கீல் கட்டணம். பேங்க் கடன் ஒப்பந்தத்துக்கு இன்னொரு வக்கீல் கட்டணம். "ஒரே வக்கீல்தானே?"ன்னு கேட்டேன். "வேலை ரெண்டு கா"ன்னா. வீட்டை மதிப்பிட வர்ற ஆளுக்குக் காசு, நான் செத்துப்போனா கடனை அடைக்கிற காப்புறுதிக்குக் காசு, கட்டடப் பராமரிப்புக்கு டெபாசிட்டு. அப்புறம் வீட்டை என் பேருக்கு மாத்த முத்திரை வரி, கடன் பத்திரத்துக்குத் தனி முத்திரை வரி. வீட்டைத் தவிர மத்த எல்லாத்துக்கும் காசு கேட்ட மாதிரி இருந்துச்சு.

"ஆனா முத்திரை வரி ரெண்டும் உங்களுக்கு இருக்காது"ன்னு அந்தப் பொண்ணே ஆறுதல் சொன்னா. "முதல் வீடு வாங்குறவங்களுக்கு இந்த விலைக்குள்ள முழுத் தள்ளுபடி. இதுக்கு முன்ன எந்த வீடும் இல்லன்னு ஒரு சத்தியக் கடிதம் மட்டும் கொடுக்கணும். இவங்க கொடுத்துட்டாங்க."

தோழி சிரிச்சா. "ஒரு காசு வரி இல்ல அக்கா."

எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. முதல் வீடுன்னா என்னைவிட முதல் வீட்டுக்காரி யாரு? வாளியில கறிவேப்பிலை வளர்க்கிறவ. பேனாவை எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு வழக்கமாக் கேக்கிற மாதிரி கேட்டா: "தனியாவோ, வேற யார்கூடயாவது சேர்ந்தோ, எந்த வீட்டுலயும் உங்க பேரு இருந்ததில்லையே?"

"இல்ல லா"ன்னேன். கையெழுத்துப் போடுற இடத்துல பேனா முனையும் வெச்சாச்சு. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. "அண்ணன் வீட்டுல சும்மா பேரு மட்டும் போட்டிருக்கேன். அது கணக்குல வராதுல்ல?"

அந்தப் பொண்ணு என் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கிக்கிட்டா. "பேருதான் கா கணக்கே."

நம்ம வீடுகள்ல அது ஒரு பெரிய விஷயமே இல்ல. அண்ணனுக்குச் சம்பந்தம் பேசினப்போ பொண்ணு வீட்டுல "மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கணும்"னு நின்னாங்க. அண்ணன் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தா பேங்க் கடன் தராது. எனக்கு அப்பதான் பல்கலைக்கழக வேலை நிரந்தரமாகியிருந்துச்சு. "உன் பேரையும் சேர்த்துப் போடு, சும்மா பேருதானே"ன்னாங்க. போட்டேன். அந்த வீட்டுக்கு நான் ஒரு காசும் கட்டினதில்ல, ஒரு ராத்திரியும் தங்கினதில்ல. கல்யாணத்துல யாருக்கோ தாம்பூலப் பை எடுத்துக் கொடுத்த மாதிரி, கொடுத்துட்டு மறந்துட்டேன். பேருக்கு ஒரு பேருன்னு நான் நினைச்சேன். நிலப் பதிவுல நான் பேருக்கு இல்ல, நிஜமாவே பாதி வீட்டுக்காரி.

"அந்தப் பேரை இப்ப எடுத்துட்டா?"ன்னு கேட்டேன்.

"எடுத்தாலும் இருந்தது இருந்ததுதான் கா. சத்தியம் பண்ண முடியாது. வரி கட்டித்தான் ஆகணும்." அப்புறம் ஏதாவது வழி கிடைக்குமான்னு அவளாவே கேட்டா: "அப்பா அம்மா யாராவது வீடு எழுதித் தர்றாங்களா? இல்ல உங்க வீட்டுக்காரர்? அப்படின்னா காசே சாயாங். அன்பினால கொடுக்கிறதுன்னு எழுதுவோம், அதுக்கு வரி இருக்காது."

காசே சாயாங்னா மலாய்ல அன்பு பாசம். நம்ம காதுல விழறப்போ முன்னால காசுதான் நிக்குது. எனக்கு அப்பா அம்மா இல்ல. வீட்டுக்காரர்னா மாசம் வாடகை வாங்குறவர்தான். "அண்ணன் தங்கச்சிக்கு?"ன்னேன்.

"அதுக்குக் கிடையாது கா."

ஆக எட்டாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் வெள்ளி கூடுதல். மத்த செலவையெல்லாம் அங்க இங்க புரட்டியாச்சு, இது கையில இல்ல. குறிச்ச தேதிக்குள்ள கட்டலைன்னா வீடும் போகும், கட்டின முன்பணமும் போகும். படியில இறங்கி வர்றப்போ தோழி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பாவம் அக்கா நீங்க"ன்னா. நல்ல பொண்ணு. நல்லவளா இருக்கிறதுதான் தாங்க முடியலை. ஒரே சம்பளம், ஒரே பிளாக், எனக்கு ரெண்டு மாடி மேல, எட்டாயிரம் வெள்ளி கம்மியா. எந்த வீட்டுலயும் பேரு இல்லாத அதிர்ஷ்டக்காரி. அன்னிக்கு அவ வாங்கித் தந்த தே தாரேக் டீயை நான் பாதியிலேயே வெச்சுட்டு வந்துட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட் போனேன். போறப்பவே சொல்லவேண்டியதைப் பாலத்துல ஒத்திகை பார்த்துக்கிட்டேன். அண்ணி கோழி வறுவல் பண்ணியிருந்தாங்க. சோறு முடியட்டும்னு காத்திருந்து விஷயத்தை எடுத்தேன்.

"அண்ணே, உன் வீட்டுல என் பேரு இருக்கிறதால எனக்கு முதல் வீட்டுச் சலுகை போச்சு. எட்டாயிரத்துக்கு மேல கட்டணும். அதை நீதான் தரணும்."

அண்ணன் பல்லு குத்திக்கிட்டிருந்தார். "நீ பேரு மட்டும்தானே போட்ட?"

"அந்தப் பேருக்குத்தான் இப்ப இந்த வெலை."

"மாசா மாசம் கட்டினது நானு. போன வருஷம் சேமநிதியில இருந்து எடுத்து மொத்தக் கடனையும் அடைச்சது நானு. நீ ஒரு காசு கட்டினியா? இப்ப வந்து காசு கேட்டா எப்படி லா? சட்டம் போட்டவனைப் போய்க் கேளு." சொல்லிட்டு வெளியே போய் கார் கழுவ ஆரம்பிச்சுட்டார். எங்க அண்ணனுக்குப் பேச்சு வளர்ந்தா கார் அழுக்காயிடும்.

 தட்டை எடுத்துக்கிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். நான் கண்ணு வெச்ச அதே சமையல்கட்டு. அண்ணி குழாயைத் திறந்து பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாங்க. திரும்பாமலேயே சொன்னாங்க: "நான் தரேன் அக்கா."

"நீங்க எதுக்குத் தரணும்? கேட்டது அண்ணனை."

"எனக்கு ஒண்ணு வேணும். அதுக்காகத் தரேன்."

அப்புறம் அவங்க பேசினதை நான் இன்னிக்கும் அதே குரல்ல கேக்கிறேன். குழாயை மூடலை. வெளியே கேட்கக் கூடாதுன்னோ என்னவோ, தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"மாசா மாசம் நான்தான் கட்டினேன்னு சொல்றார் பாருங்க. அதுல பாதி என் பேக்டரி ஓ.டி. காசு. இந்தச் சமையல்கட்டு என் போனஸ். அந்த கேட்டு என் போனஸ். வருஷத்துக்கு ரெண்டு தடவை வீட்டு வரி பில்லு வரும். மேல அவர் பேரு இருக்கும், கீழ உங்க பேரு இருக்கும். அதை எடுத்துட்டுப் போய்க் கட்டுறது நானு. கவுண்டர்ல இருக்கிறவ உங்க பேரைத் தொட்டுக் காட்டி, 'இது நீங்களா?'ம்பா. 'இல்ல, என் நாத்தனாரு'ம்பேன். கல்யாணமான நாள்லேருந்து இதையே சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு தடவை அவர்கிட்ட என் பேரையும் போடுங்கன்னு கேட்டேன். 'உன் பேரு எதுக்கு, எல்லாம் நமக்குத்தானே'ன்னுட்டார்."

தட்டைத் துடைச்சு வெச்சுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"உங்களைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல் அக்கா. நீங்க வர்றப்பல்லாம் இந்த வீட்டைச் சுத்திச் சுத்திப் பார்ப்பீங்க. உங்க வீட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும்."

கடவுளே. நான் பார்த்தது வேற கண்ணால, அவங்க எடுத்துக்கிட்டது வேற மாதிரி. அதைவிட ஒரு விஷயம் சொல்லணும், சொன்னா என்னை என்ன நினைப்பீங்களோ. அந்த நிமிஷம் எனக்குள்ள ஒரு குளிர்ச்சி. என்னைப் பார்த்தும் ஒருத்தர் பொறாமைப்படுறாங்க. வாடகை வீட்டுக்காரியைப் பார்த்து, கறிவேப்பிலை மரத்துக்காரிக்கு வயித்தெரிச்சல். பேக்டரியில நின்னு நின்னு கால் நரம்பு முடிச்சு முடிச்சா இருக்கிற பொம்பளை சொல்றா, நான் அதைக் கேட்டுக் குளுந்து போய் நிக்கிறேன்.

"உங்க பாதியை என் பேருக்கு மாத்திக் கொடுங்க"ன்னாங்க அண்ணி. "உங்களுக்கு வேண்டிய காசை நான் தரேன். மாத்துற செலவும் என்னோடது."

பாதி வீட்டுக்கு எட்டாயிரம் ரொம்பச் சின்னக் காசுதான். ஆனா நான் ஒண்ணுமே கட்டலையே. நியாயம்னு பார்த்தா அண்ணி கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. என் சிக்கலும் தீரும். சரின்னு சொல்லிட்டு வந்திருக்கணும். "யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லிட்டு வந்தேன். கறிவேப்பிலையை அன்னிக்கும் ஒடிச்சுக் கொடுத்தாங்க.

அந்த வாரம் முழுக்க எனக்கு நானே கேட்டுக்கிட்டேன், என்னடி யோசிக்கிறேன்னு. ஆபீஸ்ல தோழி வேற எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தினா. "பாதி வீடு அக்கா. இன்னிக்கு வெலைக்குக் கேளுங்க. சும்மா விட்டுடாதீங்க." எனக்கு அந்தக் காசு மேல ஆசை இல்லன்னு சொன்னா நம்பமாட்டீங்க, ஆனா நிஜம். ஆசை இருந்தாக்கூட மரியாதையா இருந்திருக்கும். என் சங்கடம் வேற. இத்தனை வருஷமா மறந்தே போயிருந்த பேரு, இப்ப எடுக்கணும்னு கேட்டதும் என்னோடதாத் தெரிஞ்சது. அந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் கொடுத்துட்டா, கேட்டு, மரம், சமையல்கட்டு, புருஷன், பேரு, எல்லாம் அவங்களுக்கு. எனக்குக் கிடைக்கணும்கிறதைவிட அவங்களுக்குக் கிடைச்சிடக் கூடாதுங்கிறதுதான் உள்ளுக்குள்ள பெரிசா உட்கார்ந்திருந்துச்சு. வைக்கோல்போரு நாய் கதைதான். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

வெள்ளிக்கிழமை கிளார்க் பொண்ணு போன் பண்ணா. "அக்கா, அடுத்த வாரத்துக்குள்ள வரிக்காசு வேணும். இல்லன்னா தேதி தாண்டிடும். வித்தவங்க தரப்புல அவகாசம் கொடுக்க மாட்டேங்கிறாங்க." அந்தச் சீன அம்மாவுக்கும் அவசரம். ஏஜெண்டுக்குக் கமிஷன், அவங்க வக்கீலுக்குக் கட்டணம், பழைய கடனை அடைக்கிற செலவுன்னு அவங்களும் விக்கிறதுக்கே காசு கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். வாங்குறவளும் அழறா, விக்கிறவளும் அழறா.

வேலை முடிஞ்சு நேரா அந்த பிளாக்குக்குப் போய்க் கீழே நின்னேன். தோழி அந்த மாசம்தான் குடிவந்திருந்தா. ஒன்பதாவது மாடியில அவ துண்டு ரெண்டு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பால்கனியில சின்னச் சின்ன லைட்டு வேற கட்டிவிட்டிருந்தா. ஏழாவது மாடியில சீன அம்மாவோட வெளுத்துப்போன திரை. நான் அந்தத் துண்டையும் அந்தத் திரையையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். பேரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா இந்தத் திரைக்குப் பின்னால நான் என்னிக்கும் நிக்கப் போறதில்ல. தினம் ஆபீஸ்ல இவ முகத்தைப் பார்க்கணும், "பாவம் அக்கா"வைக் கேட்கணும். பெரிய மனசு வந்துதான் நான் இறங்கி வந்தேன்னு சொல்ல ஆசைதான். வரலை. ரெண்டு பொறாமை இருந்துச்சு, கிட்ட இருந்தது ஜெயிச்சது. அங்க நின்னபடியே அண்ணிக்குப் போன் பண்ணிச் சரின்னேன்.

திங்கட்கிழமை காலையிலயே காசு என் கணக்குல ஏறிடுச்சு. ஒரு காகிதம் கேட்கலை, ஒரு கையெழுத்து கேட்கலை. "நீங்க பண்ணிடுவீங்கல்ல அக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. என் வரியைக் கட்டினேன். என் வீட்டுப் பத்திரம் நகர்ந்துச்சு.

வீட்டை மதிப்பிடுறது, அது இதுன்னு எல்லாம் முடிஞ்சு, அண்ணி பேருக்கு மாத்துறதுக்கு அதே வக்கீல் ஆபீசுக்கு நாங்க ரெண்டு பேரும் போனோம். கூட்டிட்டு வந்தது அண்ணன்தான். வர்ற வழியில, "பேரு யாருதா இருந்தா என்ன, எல்லாம் நமக்குத்தானே"ன்னு மறுபடியும் சொன்னார். "அப்படின்னா என்னோடதா இருந்துட்டுப் போகட்டும்"னு பின்சீட்டுல இருந்து அண்ணி சொன்னாங்க. அவர் ரேடியோவைச் சத்தமா வெச்சார். எங்களை வாசல்ல இறக்கிவிட்டுட்டு பார்க்கிங் தேடிப் போனவர், கடைசிவரைக்கும் மேலே வரலை. ஜார்ஜ் டவுன்ல பார்க்கிங் கிடைக்காதது சில பேருக்கு ரொம்ப வசதி.

கிளார்க் பொண்ணு எங்களை உட்காரவெச்சு விவரம் கேட்டா. நாத்தனார்கிட்ட இருந்து அண்ணிக்குன்னதும், "இதுக்கு முழு வரி கா. நீங்க என்ன வெலை எழுதினாலும், வீட்டோட மதிப்புல பாதி என்னவோ அதுக்குக் கணக்குப் பண்ணித்தான் வரி போடுவாங்க"ன்னா. அப்புறம் பேச்சோட பேச்சா அண்ணியைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் தன் பாதியில இருந்து எழுதிக் கொடுத்திருந்தா வரியே இல்ல தெரியுமா? புருஷன் பொண்டாட்டிக்குக் காசே சாயாங். சும்மாவே கிடைச்சிருக்கும்."

அண்ணி, "தெரியும்"னாங்க.

அந்த ஒரு வார்த்தை எனக்கு எங்கேயோ குத்துச்சு. எத்தனை வருஷமாத் தெரியும்னு நான் கேட்கலை. எனக்கு அந்தச் சலுகை இல்லன்னு நான் வயிறு எரிஞ்சேன். இவங்களுக்கு இருந்துச்சு, பக்கத்துலயே படுத்திருந்துச்சு, கொடுக்கலை.

கிளார்க் பொண்ணு எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துட்டு, நிலைமையைச் சுமுகமாக்குறதா நினைச்சுக்கிட்டு, "உங்களுக்கும் காசே சாயாங்னு எழுதலாம் கா. குடும்பம்தானே. தள்ளுபடிதான் கிடைக்காது, ஆனா பார்க்க நல்லா இருக்கும். எழுதவா?"ன்னா.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தாங்க. அன்பு பாசம்னு எழுதுறதுக்கு ரெண்டு பேர்ல யாரு முதல்ல தலையாட்டுறதுன்னு ஒரு தயக்கம். நான் ஆட்டிடலாம்னுதான் இருந்தேன். கொஞ்சம் பெருந்தன்மையா இருக்கும், பிற்காலத்துல சொல்லிக் காட்டவும் வசதி. "அவங்களுக்கு நான் சும்மா கொடுத்தேன்"னு எவ்வளவு நல்லா இருக்கும்.

"வேணாம்"னாங்க அண்ணி. "வாங்குறேன்னு எழுதுங்க. காசு கொடுத்துத்தான் வாங்குறேன்."

வக்கீலை அன்னிக்குத்தான் முதல்முதலாப் பார்த்தேன். அவர் முன்னால நான் கையெழுத்துப் போட்டேன், கொஞ்ச நேரத்துல முடிஞ்சது. அண்ணி நேரம் எடுத்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தா எழுதினாங்க. எழுதி முடிச்சுட்டுப் பேனாவை மூடாம, தன் பேரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க முகத்தை நான் பார்க்கலை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கீழே அண்ணன் கார் ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கிட்டு ரோட்டோரமா நின்னுச்சு.

நான் ஏழாவது மாடிக்குக் குடிபோனேன். பால் காய்ச்சினேன். அண்ணி பெரிய தொட்டியில ஒரு கறிவேப்பிலைக் கன்னு வெச்சுக் கொண்டுவந்தாங்க, அவங்க மரத்தடியில முளைச்சது. சுவரை யாரும் தட்டிப் பார்க்கலை, நான் கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். தோழி மேலேருந்து இறங்கி வந்து, "உங்க வீட்டுக்குக் காத்து என் வீட்டைவிட நல்லா வருது அக்கா"ன்னா. அதைச் சொல்றப்போ அவ முகத்துல ஒரு நிமிஷம் ஒரு சுருக்கம் தெரிஞ்சது. அதுக்காகவே அவளுக்கு இன்னொரு கரண்டி கேசரி வெச்சேன்.

வருஷம் பிறந்ததும் வீட்டு வரி பில்லு வந்துச்சு. என் பேருக்கு, என் விலாசத்துக்கு, முதல் பில்லு. மேசையில வெச்சு ரெண்டு தடவை தடவிப் பார்த்தேன். அன்னிக்குச் சாயங்காலம் அண்ணிகிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு படம் வந்துச்சு. ஒரு வார்த்தை எழுதலை, படம் மட்டும். அவங்க வீட்டு பில்லு. அண்ணன் பேருக்குக் கீழே, என் பேரு இருந்த அதே இடத்துல, அவங்க பேரு. இனிமே அந்தக் கவுண்டர்க்காரி "இது நீங்களா?"ன்னு கேட்டா ஆமான்னு சொல்லலாம்.

நல்லா இருக்கட்டும்னு நினைச்சேன். நிஜமாவே நினைச்சேன். பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன். அப்புறம் அந்தப் படத்தை விரலால பெரிசு பண்ணிப் பார்த்தேன். அவங்க பில்லுல ரெண்டு பேரு, ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு. என் பில்லைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். அதுல என் பேரு மட்டும் இருந்துச்சு, அதுக்குக் கீழே இருந்த வரியில ஒண்ணுமில்ல.